கிரைண்டர் நனைந்ததா என்று கேட்டிருந்தாய்

சடையங்குப்பம்,
கார்த்திகை 6, சனிக்கிழமை,
காலை பத்து மணி.

அன்பிலும் பொறுமையிலும் எப்போதும் என்னைவிட இரண்டு வகுப்பு மேலே இருக்கும் என் மனைவி ஆவுடையம்மாளுக்கு, ராசையா எழுதிக்கொள்வது.

இங்கே நானும், அடுத்த வீட்டு அஜீசுன்னிசாவும், எதிர்வீட்டு அம்புரோஸும், நீ தொட்டியில் வைத்துவிட்டுப் போன கறிவேப்பிலைச் செடியும் சுகம். அங்கே நீயும் சுஜாவும் மாப்பிள்ளையும், பிறந்து பதினெட்டு நாளாகியும் இன்னும் பெயர் முடிவாகாத நம் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும்.

நேற்று நீ போனில் கேட்டது ஒரே கேள்வி. “கிரைண்டர் நனைஞ்சுதா இல்லையா? ஒரு வார்த்தையில சொல்லுங்க.” நான், “அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்” என்று ஆரம்பித்ததும் பிள்ளை விழித்து அழுதுவிட்டது. “எழுதி அனுப்புங்க, அவ தூங்குறப்ப படிக்கேன்” என்று சொல்லி வைத்துவிட்டாய். ஆகவே எழுதுகிறேன். மேல்தொட்டிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு, ஈ வராமலிருக்க உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கேட்டபடி ஒரே வார்த்தையில் பதில்: இல்லை.

இனி விளக்கம்.

எழும்பூரில் ரயில் ஏறும்போது நீ சொன்னதை அப்படியே நினைவு வைத்திருக்கிறேன். “மூணாவது படிக்குத் தண்ணி வந்தா கிரைண்டரைத் தூக்கி சிமெண்டு மேடையில வைக்கணும். தனியாத் தூக்கப்பிடாது, அம்புரோஸைக் கூப்பிடுங்க. வேற ஒண்ணும் நீங்க செய்ய வேண்டாம்.” ரயில் நகர்ந்த பிறகு ஜன்னல் வழியாக இன்னொன்றும் சொன்னாய். “நீங்க ஒண்ணப் பாத்துட்டு இருந்தா இன்னொண்ணு உங்க காதுல விழாது. அதுதான் எனக்குப் பயம்.” முப்பத்தொன்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனை, ஒரே நேரத்தில் அறுபது பிள்ளைகளைக் கவனித்தவனை, பிளாட்பாரத்தில் நான்கு பேர் கேட்க இப்படிச் சொல்லிவிட்டாயே என்று மின்சார ரயிலில் திருவொற்றியூர் வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். யோசித்துக்கொண்டே எண்ணூர்வரை போய்விட்டுத் திரும்பினேன். அது வேறு விஷயம்.

அந்தக் கிரைண்டர் இல்லையென்றால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நாற்பது வீட்டுக்கு மாவு போகிறது. தை மாதம் நீ வந்து இறங்கும்போது அது ஓடாவிட்டால் நாற்பது வீடும் பாக்கெட் மாவுக்குப் பழகிவிடும். பழகிய நாக்கு திரும்பாது. ஒரு மனிதன் கண்ணால் காவல் காத்தால் கண் அசரும். அசராத ஒன்றைக் காவல் வைக்க வேண்டும் என்றுதான் பெட்டியைச் செய்தேன்.

பெட்டி என்றால் சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர், ரிச்சி தெருவில் வாங்கியது. வாசற்படி ஓரத்தில் ஒரு சின்னக் குழி தோண்டி, அதில் பிளாஸ்டிக் குழாயை நட்டு, குழாய்க்குள் ஒரு மிதவை விட்டிருக்கிறேன். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும். எந்தப் படிவரை என்பதைப் பெட்டி தெரிந்துகொள்ளும். பெட்டி என்ன செய்ய வேண்டும் என்ற வேலைக்குறிப்பை நாம்தான் எழுத வேண்டும். அதற்குப் பெயர் நிரல். இந்த வயதில் அதைக் கற்றுக்கொண்டேன் என்பதைவிட, கற்றுக்கொண்டபோது கண்டதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிரலும் பிறக்கும்போதே வாசல்களோடு பிறக்கிறது, ஆவுடை! நாம் கேட்கவே வேண்டாம். உள்ளே வருவதற்கு ஒரு வாசல். கீபோர்டில் தட்டுவதெல்லாம் அதன் வழியே போகும். வெளியே சொல்வதற்கு ஒரு வாசல். சொல்வதெல்லாம் அதன் வழியே திரைக்கு வரும். இவை போதாதென்று, குறை சொல்வதற்கென்றே மூன்றாவதாக ஒரு தனி வாசல். எவ்வளவு முன்யோசனை பார்! நம் வீட்டைக் கட்டிய மேஸ்திரிக்கு ஒரு பின்வாசல் வைக்கத் தோன்றவில்லை.

நான் எழுதிய நிரலின் முதல் வேலை வருகைப்பதிவு. ஆஜர் எடுக்காமல் நான் ஒரு நாளும் பாடம் தொடங்கியதில்லை. தூக்க யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் எச்சரித்து என்ன பயன்? ஆகவே பெட்டி ஒவ்வொரு பெயராகத் திரையில் கேட்கும். அந்த ஆள் வந்து கீபோர்டில் ‘உள்ளேன்’ என்று தட்ட வேண்டும். மூன்று பேரும் தட்டி முடித்த பிறகு மிதவையைப் பார்க்கத் தொடங்கும்.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை மழை பிடித்துக்கொண்டது. பெட்டியை முடுக்கினேன். ‘ராசையா?’ என்றது. உள்ளேன் என்று தட்டினேன். ‘அஜீசுன்னிசா?’ என்றது. மாவுக் கையோடு வந்து ஒற்றை விரலால் தட்டிவிட்டுப் போனார். ‘அம்புரோஸ்?’ என்றது. அம்புரோஸ் டீ வாங்கப் போயிருந்தார். பெட்டி காத்திருந்தது. நானும் திரையைப் பார்த்துக் காத்திருந்தேன். அவருக்குப் பதிலாக நீங்களே தட்டியிருக்கலாமே என்று நீ கேட்பாய். அடுத்தவனுக்காக ‘உள்ளேன் ஐயா’ சொன்ன பயல்களை முப்பத்தொன்பது வருடம் பெஞ்சில் ஏற்றியவன் நான். என் கையால் அதைச் செய்வேனா?

அப்போது ஜன்னலில் அஜீசுன்னிசா குரல். “இன்னா வாத்தியாரே, தண்ணி ரெண்டாம் படி ஏறிகினு கீது, நீங்க இன்னா பொட்டியப் பாத்துகினு கீறீங்க?”

“பெட்டி சொல்லட்டும்மா” என்றேன்.

“பொட்டி சொன்னாத்தான் அது தண்ணியா? எங்க கண்ணுக்குத் தெரியறது பன்னீரா? எழுந்துருங்க முதல்ல!”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே உள்ளே வந்துவிட்டார். டீ கவரைப் பல்லில் கடித்துக்கொண்டு அம்புரோஸும் முழங்கால் தண்ணீரில் ஓடிவந்தார். மூன்று பேருமாகத் தூக்கி மேடையில் வைத்தபோது மூன்றாம் படி முழுகியிருந்தது. முன்கூடத்தில் ஒரு விரல் உயரம் தண்ணீர். கிரைண்டரின் மேல் ஒரு சொட்டு இல்லை. டீ கொஞ்சம் சிந்தியது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அம்புரோஸ் மூச்சு வாங்கிக்கொண்டே போய், பெட்டி இன்னும் தன் பெயரைக் கேட்டபடி நிற்பதைப் பார்த்து, ‘உள்ளேன்’ என்று தட்டினார். மறு நொடியே திரை முழுக்கப் பெரிய எழுத்தில் வந்தது: ‘தண்ணீர் மூன்றாம் படிக்கு வந்துவிட்டது. கிரைண்டரைத் தூக்குங்கள்.’

அம்புரோஸ் மேடையில் கிரைண்டருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து மிச்ச டீயைக் குடித்தார். “வந்துட்டாருபா தொரை.”

மறுநாள் அஜீசுன்னிசாவின் மகள் தஹ்சீனைக் கூப்பிட்டேன். சோழிங்கநல்லூர் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரி, மழை என்பதால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். நிரலைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை. “சார், இது தூங்கல. மாட்டிகினும் நிக்கல. காத்துகினு கீது. நீங்க உள்வாசல்ல போய் நில்லுன்னு சொன்னீங்க, நிக்குது. அம்புரோஸ் அங்கிள் வர்ற வரைக்கும் ஒரு வருஷமானாலும் நிக்கும்” என்றாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு வருடமானாலும்! அலுக்காது, கொட்டாவி விடாது, ஒன்றுக்குப் போக வேண்டும் என்று விரலை நீட்டாது. இப்படி ஒரு மாணவன் என் ஆயுளில் எனக்கு வாய்த்ததில்லை. “ஆனா சார், பக்கத்துல கடலே பொங்கி வந்தாலும் திரும்பிப் பாக்காது” என்றும் சொன்னாள்.

பிறகுதான் அந்த ரகசியத்தைச் சொன்னாள். நிரலை எந்த வாசலிலும் போய் நிற்க விடக்கூடாதாம். நடுவில் உட்கார வைத்துவிட வேண்டும். எல்லா வாசலையும் கம்ப்யூட்டரிடமே ஒப்படைத்து, ‘எதில் சத்தம் கேட்டாலும் என்னைத் தட்டு’ என்று சொல்லிவிட வேண்டும். கீபோர்டில் எழுத்து வந்தால் போய் வாங்கிக்கொள்ளும். மிதவை அசைந்தால் போய்ப் பார்க்கும். போன இடத்தில் நிற்காது. கை வேலையை முடித்த கையோடு நடுவுக்கு வந்துவிடும். “அப்படியென்றால் மூன்று ஆள் வேண்டுமே அம்மா?” என்றேன். “இல்ல சார். ஒரே ஆள்தான். ஒரு நேரத்துல ஒரு வேலைதான். ஆனா எங்கயும் நின்னு காத்துகினு இருக்காது. அதான் வித்தியாசம்.”

நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், ஆவுடை. அவள் சொல்லச் சொல்ல, கண்முன்னால் நீதான் வந்தாய்.

காலை ஆறரை மணி. கிரைண்டர் ஓடுகிறது. அடுப்பில் பால். வாசலில் நான்கு பேர் பாத்திரத்தோடு. சுஜாவின் போன். நீ பாலுக்கு முன்னால் நின்று ஒரு நாளாவது நான் பார்த்ததுண்டா? பாலை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாய். பொங்கும் நேரம் வந்தால் பாலே உன்னைக் கூப்பிடும். அந்த ‘உஸ்’ஸில் நீ அங்கே இருப்பாய். கிரைண்டரின் சத்தம் மாறினால் அங்கே போய் ஒரு கை தண்ணீர் தெளிப்பாய். வாசலில் ஒரு பெண் “ரெண்டு கிலோ…” என்று ஆரம்பித்துவிட்டு, போன் வந்து, பேச ஒதுங்கிவிடுவாள். இரண்டு கிலோ என்ன, இட்லிக்கா தோசைக்கா என்று அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாயா நீ? அந்த ‘ரெண்டு கிலோ’வை ஒரு மூலையில் வைத்துவிட்டு அடுத்த பாத்திரத்தை வாங்குவாய். அவள் திரும்பி வந்து “…தோசைக்கு” என்றதும் இரண்டையும் ஒட்டவைத்து மாவைக் கொடுத்துவிடுவாய். தஹ்சீன் என் நிரலில் இருபது வரி எழுதிச் செய்த வேலை இது! கீபோர்டில் பாதி வார்த்தை வந்தால் மீதிக்காக நிற்கக் கூடாது. வந்ததை எடுத்து வைத்துக்கொண்டு போய்விட வேண்டும். உலகத்துப் பெரிய மூளைகள் உட்கார்ந்து கண்டுபிடித்ததை, நீ ஒரு கரண்டியும் கையுமாக முப்பத்தைந்து வருடமாகச் செய்துகொண்டிருக்கிறாய். பக்கத்தறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவை நீ பாலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னபோது நான் பார்த்துக்கொண்டே நின்றேன், வாசலில் ஆறு பேர் கத்தினார்கள், நீ வந்து “பாலுக்குப் போலீஸா நிக்கிய?” என்று கேட்டாய். அன்றைக்குக் கோபித்துக்கொண்டேன். இன்றைக்கு வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நிரலைத் திருத்தி எழுதினேன். ஆஜரை விடவில்லை; ஆனால் இப்போது பெட்டி பெயரைக் கேட்டுவிட்டு மிதவையைப் பார்க்கப் போய்விடும். அம்புரோஸ் வேண்டுமென்றே ‘உள்’ என்று மட்டும் தட்டிவிட்டு வெற்றிலை வாங்கப் போனார். வந்து ‘ளேன்’ என்று தட்டினார். பெட்டி ஏற்றுக்கொண்டது. “பரவால்லியே நைனா, பாதில வுட்டத ஞாபகம் வச்சுகினு கீது. நம்ம வூட்டுக்காரி மாறியே கீதே!” என்றார்.

அடுத்து, திரையில் எழுத்து வந்தால் யார் பார்க்கப்போகிறார்கள், காதில் விழ வேண்டாமா என்று, எழுத்தை வாசித்துச் சொல்லும் இன்னொரு நிரலைப் பக்கத்தில் வைத்தேன். என் நிரலின் வெளிவாசலை அதன் உள்வாசலோடு குழாய் போல இணைத்துவிடலாம். ஒன்று சொல்லும், மற்றது பேசும். அம்புரோஸ் தேவாலயத் திருவிழாவுக்கு வைத்திருந்த ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து வாசலில் கட்டினார். வியாழக்கிழமை காலை சோதனைக்காகச் சில வரிகள் சொல்ல வைத்தேன். சத்தமே இல்லை. வயர் தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன். மதியம் மழை வந்தது, தண்ணீர் இரண்டாம் படிவரை ஏறி இறங்கியது. ஒலிபெருக்கி வாயைத் திறக்கவில்லை. கிரைண்டர் மேடையிலேயே இருந்ததால் பயமில்லை. ஆனால் எனக்கு அவமானம்.

நேற்று காலை பதினோரு மணிக்குச் சுள்ளென்று வெயில். தெரு முழுக்கப் பாயும் துணியும் காய்கின்றன. நான் என்ன கோளாறு என்று பார்க்க நிரலை நிறுத்தினேன். நிறுத்திய நொடியில் ஒலிபெருக்கி வாயைத் திறந்தது. “சோதனை ஒன்று. சோதனை இரண்டு. இது வேலை செய்தால் ஆவுடையம்மாள் இனி என்னைச் செவிடன் என்று சொல்ல மாட்டாள். தண்ணீர் முதல் படிக்கு வந்துவிட்டது. அம்புரோஸ்? தண்ணீர் இரண்டாம் படிக்கு வந்துவிட்டது. அம்புரோஸ்? தண்ணீர் இரண்டாம் படியில் நிற்கிறது.” வியாழக்கிழமை பூராவும் சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லித் தீர்த்தது. நான்கு வீடு தள்ளி ஒருவர் ஸ்கூட்டரைப் படியேற்றிவிட்டார். முனை வீட்டில் கேஸ் சிலிண்டரைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார்கள். தெருவே வந்து நம் வாசலில் நின்று வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது.

“இன்னா வாத்தியாரே, வெயில்ல வெள்ளமா? யாரைப் பேஜார் பண்றதுக்கு இந்த வேலை?” என்றார் ஒருவர்.

“அது நேத்து வெள்ளம்பா, இன்னிக்கித்தான் வந்து சேந்துகீது” என்றார் அம்புரோஸ். அஜீசுன்னிசாவுக்கு வேறு கவலை. “அண்ணியப் பத்தி மைக்குல பேசுனீங்களே, அவங்க கிட்ட சொல்லிட்டீங்களா?” சொல்லிவிட்டேன், இதோ இந்தக் கடிதத்தில்.

தஹ்சீன் வந்து இதையும் அவிழ்த்தாள். வெளிவாசல் திரைக்குப் போனால், ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறான் என்று ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் அனுப்புமாம். இன்னொரு நிரலுக்குப் போனால், அவசரமில்லை என்று வரிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, நிறைந்த பிறகோ, கடையைக் கட்டும்போதோ மொத்தமாக அனுப்புமாம். எனக்குத் திருவொற்றியூர் தேரடி நினைவு வந்தது. தனி ஆட்டோ ஏறினால் உட்கார்ந்ததும் கிளம்பும். ஷேர் ஆட்டோவில், பிரசவ வலியே என்றாலும், எட்டாவது ஆள் வந்து டிரைவருக்குப் பக்கத்தில் பாதி ஒட்டிக்கொண்ட பிறகுதான் கிளம்பும். ஒரு சீட்டுக்கட்டுக்குள் தேரடி ஷேர் ஆட்டோ ஸ்டாண்டை யார் கொண்டுபோய் வைத்தது? இதை நினைத்து நேற்று ராத்திரி சாப்பிடவும் மறந்தேன். தீர்வு ஒரே ஒரு வரி: ‘ஆள் நிரம்பாவிட்டாலும் கிளம்பு.’ ஒவ்வொரு எச்சரிக்கைக்குப் பின்னாலும் அதைச் சேர்த்தேன்.

இன்று காலை குழாயில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். சொம்பை நிமிர்த்துவதற்குள் “தண்ணீர் முதல் படிக்கு வந்துவிட்டது” என்றது. கண் கலங்கிவிட்டது. அந்தத் தைரியத்தில் கிரைண்டரை மேடையிலிருந்து இறக்கி, துடைத்து, பொட்டு வைத்து, அது எப்போதும் இருக்கும் மாடிப்படிக்கு அடியிலேயே வைத்துவிட்டேன். “இன்னும் கார்த்திகையே முடியல வாத்யாரே, மேலயே கெடக்கட்டுமே” என்றார் அம்புரோஸ். “இனிமேல் பெட்டி இருக்கிறது” என்றேன்.

இதோ, எழுதும்போதே வாசலில் பெட்டி பேசுகிறது. முதல் படி என்கிறது. வானத்தில் கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை. அம்புரோஸ்தான் சொம்பை வைத்துக்கொண்டு விளையாடுகிறார். என்ன தெளிவான உச்சரிப்பு! ழகரம்கூடப் பழக்கிவிடலாம். இந்தப் பத்தியை முடித்துவிட்டு எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

சொல்ல வந்தது இதுதான். காத்திருப்பது வேறு, கவனமாக இருப்பது வேறு. இரண்டும் ஒன்று என்றே இத்தனை வருடம் நினைத்துவிட்டேன். ஒரு வாசலில் விசுவாசமாக நிற்பவன் மற்ற வாசல்களுக்குச் செவிடன். எந்த வாசலிலும் நிற்காதவளுக்குத்தான் எல்லா வாசலும் கேட்கிறது. (மறுபடியும் சொல்கிறது. அம்புரோஸுக்கு வேறு வேலை இல்லை.) இனி நீ கூப்பிட்டால் முதல் குரலிலேயே வந்து நிற்பேன் என்று இந்தக் கடிதத்தைச் சாட்சியாக வைத்துச் சொல்கிறேன். அஜீசுன்னிசாவும் என்னவோ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது போலிருக்கிறது. இரண்டே வரிதான் பாக்கி.

சுஜாவுக்கு என் ஆசி. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பேத்தியின் உள்ளங்காலில் என் பேரால் ஒரு முத்தம் வை. பெயர் எதுவானாலும் சரி, கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கும் பிள்ளையாக, அதாவது உன்னைப் போல, வளரட்டும். உனக்குக் கிரைண்டரைப் பற்றிய கவலை இனி ஒரு நொடியும் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் பெருமையைச் சற்றுத் தாமதமாக அறிந்த,
ராசையா

பி.கு.: மேல்தொட்டிக்குப் போட்ட மோட்டாரை நான் நிறுத்தவில்லை. தொட்டி நிரம்பி, மாடி நிரம்பி, தண்ணீர் மாடிப்படி வழியாக இறங்கி, நேராக அதன் அடியில் இருந்த கிரைண்டரின் தலையில் கொட்டி, முன்கூடத்தைக் கடந்து, வாசற்படி வழியாக இறங்கி மிதவைக் குழியில் விழுந்திருக்கிறது. வெள்ளம் வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் என்று நான் நிரலில் எழுதவில்லை; ஆனாலும் பெட்டி பதினோரு முறை, உடனுக்குடன், ஒரு வரியும் தேக்காமல் சொல்லியிருக்கிறது. அஜீசுன்னிசா ஏழு முறை கூப்பிட்டிருக்கிறார். கடைசியில் அம்புரோஸ் உள்ளறைக் கதவை உதைத்துத் திறந்து, “வாத்யாரே, இன்னாதான் பண்ணிகினு கீற?” என்று கேட்டபோது நான் “இதோ, கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன்” என்று சொன்னேனாம். கிரைண்டர் மோட்டாரைக் கழற்றி வெயிலில் வைத்திருக்கிறார். காய்ந்தால் ஓடும் என்கிறார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பெட்டியின் மேல் ஒரு குறையும் இல்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். மற்றபடி, முதல் பக்கத்தில் ‘இல்லை’ என்று இருப்பதை ‘ஆம்’ என்று திருத்தி வாசிக்கவும்.